செல்களோடு பொதுக்கருவிக் கூடத்துக்குப் போகிறவர்களுக்கு: முதல் பேச்சிலிருந்து கடைசிக் கோப்பு வரை

காலை ஒன்பதரை மணி. வேறொரு ஊரிலிருந்து இரவு ரயிலில் வந்திறங்கிய ஆராய்ச்சி மாணவி ஒருவர் தெர்மாகோல் பெட்டியை மேசைமேல் வைத்து மூடியைத் திறக்கிறார். உள்ளே பனிக்கட்டித் தூளில் புதைந்து பன்னிரண்டு குழாய்கள். ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கிறேன். தெளிவாக இருக்க வேண்டிய திரவத்தில் சளி போல ஒரு நூல் மிதக்கிறது. அடுத்த குழாயிலும் நூல். பன்னிரண்டிலும் நூல். செத்த செல்கள் உடைந்து, உள்ளிருந்த டி.என்.ஏ. கசிந்து, உயிரோடு இருந்த செல்களையும் சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கிறது. அதை, செல்களை வகை பிரித்தெடுக்கும் கருவியான செல் சார்ட்டரின் மெல்லிய துளைக்குள் அனுப்பினால் துளை அடைத்துக்கொள்ளும். அன்று கருவியை இயக்கவே முடியவில்லை. மூன்று மாதம் வளர்த்த சுண்டெலிகளின் கட்டிகளிலிருந்து எடுத்த செல்கள் அவை.

ஒரே ஒரு தொலைபேசிப் பேச்சில் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு. அவர் கேட்கவில்லை. நாங்களும் முன்கூட்டிச் சொல்லவில்லை. செல் சார்ட்டர் ஒன்றுக்குப் பொறுப்பாளராகப் பல ஆண்டுகள் இருந்தவன் நான். பல ஆய்வகங்கள் பகிர்ந்துகொள்ளும் பொதுக்கருவிக் கூடத்தில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி, கருவியின் முன் உட்காருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பதை அந்தப் பன்னிரண்டு குழாய்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தன. செல்களை ஆராயும் மாணவர்களுக்காக, குறிப்பாக ஃப்ளோ சைட்டோமெட்ரியை முதன்முறை தொடப்போகிறவர்களுக்காக, வரிசையாக எழுதுகிறேன். மற்றக் கருவிகளைப் பற்றியும் இடையில் சொல்கிறேன்.

முதலில் கருவியைப் பற்றிக் கொஞ்சம். ஃப்ளோ சைட்டோமீட்டர் செல்களை ஒற்றை வரிசையில் ஓடவிட்டு, ஒவ்வொன்றின் மீதும் லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறும் ஒளியையும் செல்லில் ஒட்டிய ஒளிர்சாயங்களிலிருந்து வரும் ஒளியையும் அளக்கிறது. ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான செல்கள். சார்ட்டர் இன்னொரு படி மேலே போகிறது: ஓடும் திரவத்தைத் துளிகளாக உடைத்து, நமக்கு வேண்டிய செல் இருக்கும் துளிக்கு மின்னூட்டம் கொடுத்து, மின்தகடுகளுக்கு இடையே அதை வளைத்துத் தனிக் குழாயில் விழவைக்கிறது. 1965-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் மேக் ஃபுல்வைலர் இதைச் செய்து காட்டினார். துளிக்கு மின்னூட்டம் கொடுத்து வளைக்கும் யோசனையை அவர் மை தெளித்து எழுதும் அச்சுக் கருவி நுட்பத்திலிருந்து எடுத்துக்கொண்டார். பிறகு ஸ்டான்ஃபோர்டில் லெனார்டு ஹெர்சன்பெர்க் குழுவினர் ஒளிர்சாயத்தை அடையாளமாக வைத்துப் பிரிக்கும் முறையை வளர்த்தார்கள். 1975-இல் கோலரும் மில்ஸ்டீனும் ஒற்றைக் குலத்து ஆன்டிபாடிகளை (ஒரே ஒரு இலக்கில் மட்டும் ஒட்டும் புரதங்களை) உருவாக்கிய பிறகுதான், எந்தச் செல்லையும் அதன் மேற்பரப்புப் புரதத்தை வைத்து அடையாளம் காணும் வழி அகலத் திறந்தது.

இப்படி ஒரு கருவியின் விலை கோடிகளில். அதன் பராமரிப்பு ஒப்பந்தமே பல ஆய்வகங்களின் ஆண்டு நிதியை விழுங்கிவிடும். அதனால்தான் பொதுக்கூடம். ஆனால் விலையை மட்டுமே காரணமாகச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. தினமும் அந்தக் கருவியோடு வாழும் ஒரு மனிதர் அங்கே இருக்கிறார். கருவியைவிட அவரைத்தான் நீங்கள் பகிர்ந்துகொள்கிறீர்கள்.

முதல் படி: கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"ஃப்ளோ பண்ண வேண்டும்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். அது கேள்வி ஆகாது. "மருந்து கொடுத்த சுண்டெலியின் மண்ணீரலில் சி.டி.8 டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களின் பங்கு கூடுகிறதா?" என்பது கேள்வி. எழுதிப் பார்த்தால் எந்தக் கருவி வேண்டும் என்பது தானாகத் தெரியும். எத்தனை செல்கள், எந்த வகை என்றால் ஃப்ளோ. ஒரு புரதம் செல்லுக்குள் எங்கே இருக்கிறது என்றால் கன்ஃபோகல் நுண்ணோக்கி. எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்றால், நான்கைந்து மரபணுக்களுக்கு நிகழ்நேரப் பி.சி.ஆர். போதும், முழுப் படமும் வேண்டும் என்றால் ஆர்.என்.ஏ. வரிசையறிதல். எந்தெந்தப் புரதங்கள் இருக்கின்றன என்று தெரியாமல் தேடுகிறீர்கள் என்றால் நிறை நிறமாலைமானி.

சில நேரம் பதில் "உங்களுக்கு எங்கள் கருவி தேவையில்லை" என்பதாக இருக்கும். ஒரு புரதம் கூடியதா குறைந்ததா என்று மட்டும் பார்க்க வந்த மாணவரைச் சொந்த ஆய்வகத்திலேயே வெஸ்டர்ன் பிளாட் என்ற எளிய புரதச் சோதனையைச் செய்யச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நல்ல கூடம் அப்படித்தான் செய்யும்.

இரண்டாம் படி: இடத்தைத் தேடுங்கள், பக்கத்திலிருந்து தொடங்கி

உங்கள் கல்லூரி அல்லது பல்கலைக்கழகத்திலேயே எந்தத் துறையிலாவது கருவி இருக்கலாம். பக்கத்துக் கட்டடத்தில் இருப்பதே தெரியாமல் பெங்களூருக்குச் செல்களைத் தூக்கிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். அங்கே இல்லை என்றால், 2020 ஜனவரியில் தொடங்கப்பட்ட ஐ-ஸ்டெம் என்ற தேசிய இணையதளம் இருக்கிறது. அரசு நிதியில் வாங்கப்பட்ட ஆய்வுக் கருவிகள் எந்த நிறுவனத்தில் இருக்கின்றன என்று தேடி, அதிலேயே நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'சைஃப்' மையங்கள் 1970-களிலிருந்து இயங்கிவருகின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் ஒன்று, மும்பை ஐ.ஐ.டி.யில் ஒன்று, இப்படி நாடெங்கும். ஆனால் எல்லா மையத்திலும் செல் ஆய்வுக் கருவிகள் இருக்கும் என்று நினைக்காதீர்கள். கருவிப் பட்டியலைப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள். பெங்களூரில் என்.சி.பி.எஸ். என்ற தேசிய உயிரியல் ஆய்வு மையத்தின் வளாகத்தில் 2009-இல் தொடங்கிய சி-கேம்ப் இந்த வகை வசதிகளை வெளி ஆய்வாளர்களுக்கும் புதுத் தொழில்முனைவோருக்கும் தருவதற்காகவே ஏற்பட்டது.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: உயிருள்ள செல்லுக்குப் பயணம் ஆகாது. தொலைவில் ஐந்து லேசர் உள்ள புதுக் கருவி, அருகில் இரண்டு லேசர் உள்ள பழைய கருவி என்றால், உயிருள்ள செல்களுக்கு நான் பழையதைத்தான் சொல்வேன். சாயமேற்றிய பிறகு பாராஃபார்மால்டிஹைடில் பதப்படுத்திய செல்கள் என்றால் கதை வேறு. குளிரிலும் இருட்டிலும் வைத்து ஓரிரு நாள் பயணத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் பதப்படுத்தியதை வளர்ப்பில் போட முடியாது என்பதையும், சில சாயங்கள் பதப்படுத்தலில் கெடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பேசுங்கள், மறைக்காமல்

மூன்று வாரத்துக்கு முன்பே பேசுங்கள். மின்னஞ்சல் போதாது, நேரிலோ தொலைபேசியிலோ அரை மணி நேரம் வேண்டும். எந்த உயிரியின் செல், எந்தத் திசுவிலிருந்து, சுமார் எத்தனை மைக்ரோமீட்டர் அளவு, உயிருள்ளதா பதப்படுத்தியதா, மரபணு மாற்றியதா, எந்தச் சாயங்கள், எத்தனை மாதிரிகள், பிரித்தெடுத்த பிறகு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை எல்லாம் கேட்பார்கள்.

செல்லின் அளவை ஏன் கேட்கிறார்கள் என்று பலருக்குப் புரிவதில்லை. சார்ட்டர் முனையின் துளை செல் விட்டத்தைப் போலக் குறைந்தது ஐந்து மடங்கு இருக்க வேண்டும் என்பது எங்கள் கைக்கணக்கு. லிம்போசைட் போன்ற சிறிய வெள்ளணுவுக்கு 70 மைக்ரோமீட்டர் துளை தாராளம். மேக்ரோஃபேஜ் என்ற பெரிய வெள்ளணு, புற்றுச்செல் என்றால் 100. துளை பெரிதானால் அழுத்தம் குறையும், வேகம் குறையும், உங்களுக்கு ஒதுக்க வேண்டிய நேரம் கூடும். முனையை மாற்றித் துளி ஓட்டத்தை நிலைப்படுத்தவே நேரம் பிடிக்கும். அன்று காலையில் சொன்னால் முடியாது.

அடுத்து, தொற்று. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். சார்ட்டரில் துளை அடைத்தால் திரவ ஓட்டம் திசை மாறித் தெறித்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகக் காற்றில் பறக்கும். பக்கத்தில் நின்று அதை மூச்சில் இழுக்கப் போகிறவர் பொறுப்பாளர். நோயாளியின் ரத்தம், எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ், காசநோய்க் கிருமி, லென்டிவைரஸ் (மரபணுவைச் செல்லுக்குள் சேர்க்கப் பயன்படுத்தும் வைரஸ்) செலுத்திய செல்கள் எதுவாக இருந்தாலும் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னால் நேரம் தர மாட்டார்களோ என்று அஞ்சி ஒருவர் மறைத்ததைப் பிறகு கண்டுபிடித்திருக்கிறேன். அன்று முழுவதும் அந்த அறையில் வேலை செய்த இளைஞரின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. உயிரிப் பாதுகாப்புக் குழு ஒப்புதல், மனித மாதிரி என்றால் மருத்துவ அறநெறிக் குழு ஒப்புதல், விலங்கு என்றால் விலங்கு அறநெறிக் குழு ஒப்புதல் ஆகியவற்றின் நகல்களைக் கையோடு அனுப்பிவிடுங்கள்.

நான்காம் படி: சாயங்களைத் தேர்ந்தெடுங்கள்

கருவியின் லேசர், ஒளி வடிகட்டி அமைப்பைக் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே ஆன்டிபாடிகளுக்குப் பணம் கட்டுங்கள். 488 நானோமீட்டர் நீல லேசர் ஏறக்குறைய எல்லாக் கருவியிலும் இருக்கும். 640-ஐ ஒட்டிய சிவப்பு பெரும்பாலும் இருக்கும். 405 ஊதா பல பழைய கருவிகளில் இருக்காது. சலுகை விலையில் ஊதா லேசருக்கான சாயத்தை வாங்கிக்கொண்டு வந்து, எங்கள் கருவியில் அந்த லேசரே இல்லை என்று தெரிந்து திகைத்து நின்றவர்கள் உண்டு.

பிறகு ஒரு எளிய விதி: செல்லில் குறைவாக இருக்கும் புரதத்துக்குப் பளிச்சென்ற சாயம், நிறைய இருக்கும் புரதத்துக்கு மங்கலான சாயம். பி.இ. என்ற சாயம் மிகப் பளிச்சென்றது, எஃப்.ஐ.டி.சி. என்ற பச்சைச் சாயம் அந்த அளவுக்கு இல்லை. செல்லில் ஏற்கனவே ஜி.எஃப்.பி. என்ற பச்சையாக ஒளிரும் புரதம் இருந்தால் எஃப்.ஐ.டி.சி.யை மறந்துவிடுங்கள், இரண்டும் ஒரே வழித்தடத்தில் தெரியும். பி.இ.-சை7 போன்ற இரட்டைச் சாயங்கள் வெளிச்சத்தில் உடையும். உடைந்தால் அவை வெறும் பி.இ.யாகவே ஒளிரும், இல்லாத செல்கள் இருப்பதாகக் காட்டும். குழாயை அலுமினியத் தாளில் சுற்றுவது இதற்காகத்தான்.

ஆன்டிபாடி நிறுவனம் அச்சடித்துத் தரும் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐந்தாறு நீர்த்தல்களில் போட்டுப் பார்த்து, ஏற்ற செல்லும் ஏற்காத செல்லும் எந்த அளவில் நன்றாக விலகி நிற்கின்றன என்று கண்டுகொள்ளுங்கள். ஒரு பிற்பகல் வேலை. பல நேரம் பாதி அளவே போதும் என்று தெரியவரும். மிச்சமாவது உங்கள் நிதி.

ஐந்தாம் படி: கட்டுப்பாட்டு மாதிரிகள்

இங்கேதான் அவசரக்காரர்கள் சறுக்குகிறார்கள். ஒரு காட்சியைச் சொன்னால் தெளிவாகும். எஃப்.ஐ.டி.சி. பச்சையாக ஒளிரும், உச்சம் 520 நானோமீட்டர் அருகே. ஆனால் அதன் ஒளி அங்கேயே நின்றுவிடுவதில்லை. வால் போல நீண்டு, பி.இ.க்கு என்று வைத்த 575-ஐ ஒட்டிய வடிகட்டிக்குள்ளும் நுழைகிறது. எனவே எஃப்.ஐ.டி.சி. மட்டும் ஒட்டிய செல், திரையில் இரண்டு சாயமும் ஒட்டிய செல் போலத் தெரியும். அந்தக் கசிவை அளந்து கழிப்பதுதான் ஈடுசெய்தல். அளப்பதற்குக் கருவிக்கு எஃப்.ஐ.டி.சி. மட்டும் போட்ட ஒரு குழாய், பி.இ. மட்டும் போட்ட ஒரு குழாய் என்று ஒவ்வொரு சாயத்துக்கும் தனித்தனிக் குழாய் வேண்டும். அந்தக் குழாயின் ஒளி உங்கள் உண்மை மாதிரியின் ஒளியைவிட மங்கலாக இருக்கக் கூடாது. உண்மை மாதிரியில் போடும் அதே சாயமாகவும் இருக்க வேண்டும்; ஜி.எஃப்.பி.க்குப் பதில் எஃப்.ஐ.டி.சி. போட்டுச் சமாளிக்க முடியாது.

சாயமே போடாத குழாய் ஒன்று. செத்த செல்களைக் காட்டும் சாயம் கட்டாயம், ஏனென்றால் செத்த செல் எல்லா ஆன்டிபாடியையும் ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும். மூன்று நான்கு சாயங்களுக்கு மேல் போனால், ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு சாயத்தை மட்டும் விட்டுவிட்டு மீதி எல்லாம் போட்ட குழாய்களும் வேண்டும். எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதை அவைதான் சொல்லும். இல்லாவிட்டால் கோடு உங்கள் ஆசை போகிற இடத்தில் விழும். ஐசோடைப் ஆன்டிபாடியை (நம் இலக்கில் ஒட்டாத, அதே வகை ஆன்டிபாடியை) வைத்து எல்லைக்கோடு போடும் பழைய வழக்கத்தை நான் நம்புவதில்லை. அது இலக்கில்லாமல் ஒட்டுவது பற்றிக் கொஞ்சம் சொல்லும், சாயக் கசிவைப் பற்றி எதுவும் சொல்லாது.

ஆறாம் படி: கணக்குப் போட்டு நேரம் பதியுங்கள்

உங்களுக்கு 50,000 செல்கள் வேண்டும். அந்த வகை மொத்தத்தில் 1 சதவீதம். அப்படியானால் குறைந்தது 50 லட்சம் செல்கள் ஓட வேண்டும். இரட்டைச் செல்கள், செத்தவை, ஒன்றையொன்று ஒட்டி வந்ததால் கருவி தள்ளிவிடும் துளிகள் என்று பாதி போகும் என வையுங்கள். ஒரு கோடி செல்கள் கொண்டுவாருங்கள். நொடிக்கு 5,000 என்ற நிதானமான வேகத்தில் ஓட்டினால் 2,000 நொடி, சுமார் 33 நிமிடம். ஆறு மாதிரி என்றால் மூன்று மணி இருபது நிமிடம். கருவியைத் தயார்செய்து ஈடுசெய்தலை முடிக்க ஒரு மணி நேரம். ஆக நாலரை மணி நேரம் பதியுங்கள். இரண்டு மணி நேரம் பதிந்துவிட்டு அடுத்தவர் வாசலில் நிற்கும்போது "இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்சுவது அந்த அறையில் அடிக்கடி பார்க்கும் காட்சி.

பிரிக்காமல் எண்ணிக்கை மட்டும் பார்ப்பதற்கும் கணக்கு உண்டு. அரிய செல்களை எண்ணும்போது 100 கிடைத்தால் பிழை சுமார் 10 சதவீதம், 400 கிடைத்தால் 5 சதவீதம். பத்தாயிரத்தில் ஒன்றாக இருக்கும் செல்லைத் தேடுகிறீர்கள் என்றால் 100 கிடைக்கவே பத்து லட்சம் செல்களை ஓட்ட வேண்டும்.

ஏழாம் படி: மாதிரியைத் தயாரியுங்கள்

அந்த நூலிழைக்கு இப்போது வருகிறேன். திசுவைச் செரிக்கும்போது செல்கள் சாகத்தான் செய்யும். அவற்றின் டி.என்.ஏ.யை டி.என்.ஏஸ் நொதி போட்டு வெட்டிவிடலாம். ஆனால் அந்த நொதிக்கு மக்னீசியம் வேண்டும். செல்கள் ஒட்டாமலிருக்க நாம் போடும் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் அந்த மக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முதலிலேயே ஈ.டி.டி.ஏ. கலந்துவிட்டு அதன்மேல் டி.என்.ஏஸ் போட்டால் நொதி சும்மா கிடக்கும். அந்த மாணவி செய்தது இதைத்தான். மக்னீசியம் உள்ள திரவத்தில் டி.என்.ஏஸ் போட்டு வேலை செய்யவிட்டு, கழுவிய பிறகு ஈ.டி.டி.ஏ. உள்ள திரவத்துக்கு மாற்றுங்கள். வரிசை மாறினால் நாள் போகும்.

ஓட்டும் திரவமாகக் கால்சியம், மக்னீசியம் இல்லாத பி.பி.எஸ். உப்புக் கரைசல், ஒன்று முதல் இரண்டு சதவீதம் சீரம் (ரத்தத் தெளிநீர்), 2 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ. போதுமானது. சீரத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். அதிகமானால் அதுவே பின்னணியில் ஒளிரும். சார்ட்டருக்கு என்றால் அமில-காரநிலை மாறாமல் இருக்க 25 மில்லிமோலார் ஹெப்பெஸ் சேர்ப்பது நல்லது. தட்டில் ஒட்டி வளரும் செல்களை டிரிப்சின் என்ற நொதியால் எடுத்தால், நீங்கள் தேடும் மேற்பரப்புப் புரதத்தையே அது வெட்டிவிடக்கூடும். மென்மையான நொதிக்கலவை ஒன்றை முதலில் முயன்று பாருங்கள். ரத்தம் கலந்த திசு என்றால் அம்மோனியம் குளோரைடால் சிவப்பணுக்களை உடைத்து நீக்குங்கள்.

செறிவு, எண்ணிக்கை பார்ப்பதற்கு மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் செல்கள். பிரித்தெடுப்பதற்கு ஐம்பது லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை. செத்த செல்லுக்குள் மட்டும் நுழையும் டிரைபன் நீலம் போட்டு எண்ணுங்கள். 80 சதவீதத்துக்குக் கீழே உயிர் இருந்தால் கிளம்புவதற்கு முன் பொறுப்பாளரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

கருவிக்குள் போடுவதற்கு முந்தைய நிமிடத்தில் 40 மைக்ரோமீட்டர் வலையில் வடிகட்டுங்கள். முதல் நாள் வடிகட்டிவிட்டேன் என்று சொல்லாதீர்கள், செல்கள் வழியிலேயே மறுபடி கட்டிக்கொள்ளும். வடிகட்டியபின் குழாயை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கண்ணுக்கு எதுவும் தெரியக் கூடாது. செல்களை ஏந்தும் குழாய்களின் உட்சுவரைச் சீரத்தால் நனைத்து வையுங்கள்; உலர்ந்த பிளாஸ்டிக்கில் விழும் செல் அங்கேயே ஒட்டிச் சாகும். சாராயத்தில் அழியாத பேனாவால் எழுதுங்கள், மூடியில் மட்டுமல்ல, குழாயின் உடலிலும். மூடிகள் இடம் மாறும்.

எட்டாம் படி: கருவியின் முன்

முதலில் சாயமில்லாத குழாய். அது திரையின் கீழ்ப் பகுதியில் அமரும்படி உணர்திறனைப் பொறுப்பாளர் சரிசெய்வார். அதன்பின் ஒற்றைச் சாயக் குழாய்கள், ஈடுசெய்தல். அது முடிந்த பிறகு உணர்திறனை மாற்றக் கூடாது. மாற்றினால் கழித்த கணக்கு அத்தனையும் தவறு. பிறகு ஒட்டி வந்த இரட்டைச் செல்களை நீக்க வேண்டும். செல்லிலிருந்து முன்புறம் சிதறும் ஒளியின் அளவுத் துடிப்பின் பரப்பையும் உயரத்தையும் ஒன்றுக்கொன்று எதிராக வரைந்தால் ஒற்றைச் செல்கள் சாய்கோட்டில் நிற்கும், இரட்டைகள் விலகி நிற்கும். ஒரு டி செல்லும் ஒரு பி செல்லும் ஒட்டி வந்ததைப் புதுவகைச் செல் என்று நம்பி மாதக்கணக்கில் துரத்தியவர்கள் இருக்கிறார்கள்.

நேரத்தையும் ஓர் அச்சாகப் போட்டு வையுங்கள். நடுவில் ஓட்டம் தடுமாறியிருந்தால் அங்கே மேடு பள்ளமாகத் தெரியும். அந்தப் பகுதியை வெட்டிவிடலாம். பிரித்த பிறகு, கிடைத்ததில் சிறு துளியைத் திரும்ப ஓட்டித் தூய்மை பாருங்கள். செல்களைச் செலவழிக்க மனம் வராது. ஆனாலும் செய்யுங்கள், ஏனென்றால் அந்தச் செல்களை வைத்து வரப்போகும் ஆறு மாத வேலை அந்த ஒரு எண்ணின்மேல்தான் நிற்கும்.

கிளம்பும்போது பிளீச் கரைசல், பிறகு தூய நீர். அடைப்பு ஏதாவது நடந்திருந்தால் பதிவேட்டில் எழுதுங்கள். சொல்லாமல் போனால் மறுநாள் காலை வருகிறவரின் செல்கள் போகும்.

இங்கிருந்து வேறு கூடத்துக்குப் போகிறவர்களுக்கு

பிரித்த செல்களிலிருந்து ஆர்.என்.ஏ. எடுக்கப் போகிறீர்கள் என்றால் நேராகச் செல்லை உடைக்கும் திரவத்துக்குள்ளேயே விழவையுங்கள். வரிசையறிதல் கூடம் ஆர்.என்.ஏ.யின் முழுமையை 1 முதல் 10 வரையான ஓர் எண்ணாகக் கேட்கும். பெரும்பாலும் 7 அல்லது 8-க்கு மேல் எதிர்பார்ப்பார்கள். 260/280 விகிதம் 2.0 அருகே வந்தால் புரதக் கலப்பு இல்லை என்றுதான் பொருள், ஆர்.என்.ஏ. உடையவில்லை என்று பொருள் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் மாணவர்கள் நிறைய. இன்னொன்று: மருந்து கொடுத்தவை ஒரு நாள், கொடுக்காதவை மறுநாள் என்று பிரித்துச் செய்யாதீர்கள். பிறகு தெரியும் வித்தியாசம் மருந்தாலா நாளாலா என்று எந்தக் கணிதமும் சொல்லாது.

கன்ஃபோகலுக்குப் போகிறவர்கள் 0.17 மில்லிமீட்டர் தடிப்புள்ள மூடுகண்ணாடி வாங்குங்கள். லென்ஸ்கள் அதற்கென்றே செய்யப்பட்டவை. நிறை நிறமாலைமானிக்குப் போகிறவர்கள் கையுறையைக் கழற்றவே கழற்றாதீர்கள். நம் தோல், முடியின் கெரட்டின்தான் அங்கே அடிக்கடி தலைகாட்டும் கலப்படப் புரதம். டிரைட்டான் போன்ற சோப்பு வகைகள் மாதிரியில் மிஞ்சியிருந்தால் உங்கள் புரதங்களை மூழ்கடித்துவிடும்.

ஒன்பதாம் படி: கோப்புகள், கட்டணம், நன்றி

மூலக் கோப்புகளை அன்றே நகலெடுங்கள். கூடத்துக் கணினி கிடங்கு அல்ல, சில மாதத்தில் அழித்துவிடுவார்கள். படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மூலக் கோப்பை விட்டுவிட்டு, கட்டுரையின் மதிப்பீட்டாளர் கேட்டபோது தவித்தவர்கள் உண்டு. கட்டுரை எழுத, கருவியின் மாதிரிப் பெயர், லேசர்கள், வடிகட்டிகள், ஆன்டிபாடியின் குலப்பெயர் (குளோன்), நீர்த்தல் எல்லாம் வேண்டும். ஃப்ளோவுக்கு 2008-இல் வந்த மிஃப்ளோசைட் நெறிமுறையும், நிகழ்நேரப் பி.சி.ஆருக்கு 2009-இல் வந்த மிக்கி நெறிமுறையும் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்கின்றன. சோதனைக்கு முன்பே படித்துவிட்டால் எதைக் குறித்துவைப்பது என்று தெரியும்.

கட்டணம் வெளி நிறுவனத்தாருக்கு அதிகம், வரியும் சேரும். விலைப்பட்டியலை முன்பே எழுத்தில் வாங்கி நெறியாளரிடம் காட்டிவிடுங்கள். கட்டணம் கட்டிவிட்டோம், நன்றி எதற்கு என்று ஒரு பேராசிரியர் என்னிடம் கேட்டிருக்கிறார். கூடத்தின் பெயர் கட்டுரைகளில் வந்தால்தான் அடுத்த முறை நிதி கேட்கும்போது காட்ட முடியும். உங்கள் சோதனையைப் பொறுப்பாளர் உட்கார்ந்து வடிவமைத்துத் தந்திருந்தால், தரவை அலசிப் பொருள் சொல்லியிருந்தால், நன்றி போதாது. அவர் பெயர் ஆசிரியர்களோடு இருக்க வேண்டும். இதை வேலை தொடங்கும்போதே பேசிவிடுவது இருவருக்கும் நல்லது.

வர முடியாமல் போனால்

செல்கள் வளரவில்லை, எலி இறந்துவிட்டது, ஆன்டிபாடி வந்து சேரவில்லை. எல்லாம் நடக்கும். தெரிந்த அன்றிரவே கூப்பிடுங்கள், நேரம் பிந்திவிட்டதே என்று தயங்காதீர்கள். காத்திருப்போர் பட்டியலில் எப்போதும் யாராவது இருப்பார்கள். இரவு எட்டு மணிக்குச் செய்தி கிடைத்தால் அவர் காலையில் செல்களைச் சாயமேற்றி ஒன்பதரைக்கு வந்துவிடுவார்.